மருந்துப் பயன்பாட்டு ஆய்வில் முதியோரும் பராமரிப்பாளர்களும்: யாரை, எப்போது, எப்படி அழைப்பது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். 65 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கொண்டுவரும் தூக்க மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைப்பது பற்றி ஓர் ஆய்வுக்குத் திட்டமிடுகிறீர்கள். முதியவர்களையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் ஆய்வில் எப்படி ஈடுபடுத்தப்போகிறீர்கள் என்று நிதி வழங்கும் அமைப்பு கேட்டிருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கூடும் ஆலோசனைக் குழு ஒன்றையும், அதில் முதியவர்கள் சார்பில் பேச இரண்டு பராமரிப்பாளர்களையும் விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறீர்கள். இது போதுமா என்பது கேள்வி. போதாது என்பதே என் கருத்து. கூட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் இந்தக் குறை தீராது. ஏனென்றால், முதியவரின் குரலும் பராமரிப்பாளரின் குரலும் ஒன்றே என்ற அனுமானத்தின் மேல் உங்கள் திட்டம் நிற்கிறது. மருந்து விஷயத்தில் அவை பெரும்பாலும் இரண்டு தனித்தனிச் சாட்சியங்கள்.

அதற்குப் போகும் முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கேள்வித்தாளை நிரப்புபவர், மாத்திரை குறைப்பில் சேர்க்கப்படுபவர், பேட்டி கொடுப்பவர் ஆகியோர் ஆய்வின் பங்கேற்பாளர்கள். அவர்களிடமிருந்து நீங்கள் தரவு பெறுகிறீர்கள். எதைக் கேட்பது, எதை அளப்பது, யாரிடம் போவது, கிடைத்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்பவற்றைத் தீர்மானிப்பதில் உங்களோடு உட்காருபவர் ஆய்வுப் பங்காளி. பல விண்ணப்பங்கள் முதல் வகையைக் காட்டி இரண்டாவதைச் செய்துவிட்டதாகச் சொல்கின்றன. "முதியவர்களோடு குழு உரையாடல்கள் நடத்தப்படும்" என்று எழுதினால் அது தரவு சேகரிப்பு. முடிவெடுப்பதில் அவர்களுக்குப் பங்கு இருப்பதாக ஆகாது. இந்தப் படிநிலை வேறுபாடு புதிதல்ல. குடிமக்கள் பங்கேற்பு பற்றி ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் எழுதிய கட்டுரையில் எட்டுப் படிகள் கொண்ட ஏணி ஒன்றை வரைந்து, பெயரளவுப் பங்கேற்பையும் உண்மையான அதிகாரப் பகிர்வையும் அதில் பிரித்துக் காட்டினார். எல்லா ஆய்வும் மேல்படியில் நின்றாக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை மறைக்காமல் எழுதினால் அதுவே பெரிய முன்னேற்றம்.

மருந்துப் பயன்பாட்டு ஆய்வுக்கு இது மற்ற ஆய்வுகளைவிட அதிகம் தேவைப்படுவதற்குக் காரணம், நாம் ஆராயும் செயல் நம் கண்ணில் படாத இடத்தில் நடப்பதுதான். மருத்துவர் எழுதிய சீட்டு நமக்குக் கிடைக்கும். மருந்தகம் கொடுத்த மாத்திரைகளின் எண்ணிக்கை பதிவேட்டில் இருக்கும். வேண்டுமானால் ரத்தத்தில் உள்ள மருந்தின் அளவைக்கூடப் பார்த்துவிடலாம். இவற்றுக்கு நடுவே வீட்டில் நடப்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. வெளியே போகும் நாளில் வழியில் கழிப்பறை கிடைக்குமோ என்ற கவலையில் நீர் மாத்திரையை ஒத்திப்போடுபவர் உண்டு; விழுங்க முடியாத அளவு பெரிய மாத்திரையை, உடைக்கக் கூடாத வகை என்று தெரியாமல் இரண்டாக உடைப்பவர் உண்டு; பழைய சீட்டின்படி வாங்கி மிஞ்சியதை, புதிய மருந்து ஒத்துக்கொள்ளாத நாளில் எடுத்துக்கொள்பவர் உண்டு; நிறமும் வடிவமும் மாறிவிட்ட அதே மருந்தை வேறு மருந்து என்று எண்ணி இரண்டையும் சேர்த்து விழுங்குபவரும் உண்டு. நாள்பட்ட நோய்களுக்கான மருந்துகளைச் சொன்னபடி உட்கொள்வது வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாக ஏறத்தாழ 50 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. அந்த எண்ணை மறதியின் கணக்காக மட்டும் படித்தால் ஆய்வு மறதிக்குத் தீர்வு தேடும்: நினைவூட்டல் மணி, குறுஞ்செய்தி, பிரித்து வைக்கும் பெட்டி. மேலே சொன்ன நான்கு பேரில் ஒருவருக்குக்கூட மணியோசை பயன்படாது. ஐந்தாறு மருந்துகளோடு வாழும் ஒருவர் கேள்வித்தாளை வரையும்போதே உடன் இருந்தால், "மாத்திரை போட மறந்துவிடுகிறீர்களா?" என்ற கேள்விக்கு முன்னால் "வேண்டுமென்றே விட்டுவிடும் நாட்கள் எவை?" என்ற கேள்வி வந்துசேரும்.

எதை அளப்பது என்பதிலும் இதே கதைதான், ஆனால் விளைவு இன்னும் பெரிது. முடக்குவாத ஆய்வுகளில் அளக்க வேண்டியவை எவை என்று தீர்மானிக்கும் ஓமராக்ட் என்னும் பன்னாட்டு முயற்சி, 2002-ஆம் ஆண்டு மாநாட்டில் நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டது. அதுவரை வல்லுநர்கள் மூட்டு வலியையும் வீக்கத்தையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளோ தங்களை அதிகம் வாட்டுவது களைப்பு என்றார்கள். சில ஆண்டுகளுக்குள், முடக்குவாத ஆய்வுகளில் களைப்பையும் அளக்க வேண்டும் என்ற பரிந்துரை வந்தது. மருத்துவர்கள் அறியாத ஒன்றை நோயாளிகள் கண்டுபிடித்துவிடவில்லை. மருத்துவர்கள் அறிந்தும் முக்கியமல்ல என்று ஒதுக்கியதை முக்கியம் என்று சொன்னார்கள். உங்கள் ஆய்வின் முதன்மை அளவீடாக "ஆறு மாதத்தில் மாத்திரையை முழுவதும் நிறுத்தியவர்களின் விகிதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது வசதியான அளவீடு, எண்ணவும் எளிது. ஆனால் மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, காலையில் தலை தெளிவாக இருப்பதை உணர்ந்து, இரவில் எழுந்து நடக்கும்போது தடுமாறாமல் இருக்கும் ஒருவர் உங்கள் அட்டவணையில் தோல்வியாகப் பதிவாவார். மாறாக, முழுவதும் நிறுத்திவிட்டு இரவெல்லாம் விழித்துக் கிடப்பவர் வெற்றியாகப் பதிவாவார். இது சரிதானா என்ற கேள்விக்கு விடை சொல்லும் தகுதி ஆய்வாளரைவிட அந்த இருவருக்கே அதிகம்.

இனி, இரண்டு சாட்சியங்கள் பற்றி. தூக்க மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். மனைவிக்கு 78 வயது, அவரைப் பார்த்துக்கொள்ளும் கணவருக்கு 82 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையால் பகலில் மந்தமாக இருப்பதை மனைவி வெறுக்கலாம். மாத்திரை இல்லாவிட்டால் இரவில் நான்கு முறை எழ வேண்டியிருக்கும் என்று கணவர் அஞ்சலாம். இருவர் சொல்வதும் உண்மை, இருவர் நலனும் நியாயமானது. ஆனால் அவை எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. கணவரை மட்டும் அழைத்து "உங்கள் மனைவி என்ன விரும்புகிறார்?" என்று கேட்டால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், தம் தூக்கத்தையும் சேர்த்தே பதில் சொல்வார். அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவருடைய தூக்கமும் ஆய்வு செய்யத்தக்க பொருள். அதை அவர் பெயரிலேயே கேட்க வேண்டும் என்பதுதான் நான் சொல்வது. மருந்துகளைக் குறைப்பது பற்றிய மனப்பான்மையை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஒரு கேள்வித்தாளின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தப்பட்ட வடிவம், முதியவருக்கு ஒன்றும் பராமரிப்பாளருக்கு ஒன்றுமாக இரண்டு தனிப் படிவங்களாக வந்திருப்பது இதனால்தான். பிறர் சார்பில் சொல்லப்படும் பதில்களைப் பற்றிய ஆய்வுகளிலும் ஒரு பொதுவான போக்கு தெரிகிறது: நடப்பது, குளிப்பது போன்று கண்ணால் காணக்கூடியவற்றில் இருவர் பதிலும் ஓரளவு பொருந்தும், வலி, மனநிலை போன்று உள்ளே நிகழ்பவற்றில் விலகும்.

பராமரிப்பாளர் என்பதும் ஒற்றை வகையல்ல. ஒரே வீட்டில் வாழும் துணைவர், தொலைவில் இருந்துகொண்டு தொலைபேசியில் மருந்துகளைச் சரிபார்க்கும் மகள், ஊதியத்துக்கு வரும் பணியாளர் ஆகிய மூவரும் மருந்தோடு கொண்டுள்ள உறவு வேறு வேறு. முதலாமவர் தாமும் ஐந்து மருந்துகள் சாப்பிடுபவராக இருக்கலாம். இரண்டு பேருடைய பெட்டிகள் ஒரே மேசையில் இருப்பதால் வரும் குழப்பத்தை அவரிடம்தான் கேட்க முடியும். தொலைவில் உள்ளவருக்கு அன்றாடம் தெரியாது, ஆனால் மருத்துவரோடு வாதாடுபவர் பெரும்பாலும் அவர்தான். ஊதியப் பணியாளர் கண்ணால் பார்ப்பது அதிகம், வாய்திறந்து சொல்லக்கூடியது குறைவு. தம் முதலாளியின் முன்னால் அவர் பேசமாட்டார் என்பதை உணர்ந்து, அவருக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள்.

மறதிநோய் உள்ளவர்களை என்ன செய்வது என்ற தயக்கத்தினால்தான் பராமரிப்பாளரைப் பதிலியாக எழுதியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மறதிநோய் என்ற நோயறிதல் வந்த உடனே ஒருவருடைய முடிவெடுக்கும் திறன் மொத்தமாகப் போய்விடுவதில்லை. அந்தத் திறன் ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியே பார்க்கப்பட வேண்டியது. ஓர் ஆய்வில் சேர்வதன் நன்மை தீமைகளை எடைபோட முடியாத ஒருவர், மாத்திரை அட்டையைத் தன் விரல்களால் பிரிக்க முடிகிறதா என்று மிகத் துல்லியமாகச் சொல்லக்கூடும். ஸ்காட்லாந்தில் மறதிநோய் உள்ளவர்களே நடத்தும் செயற்குழு ஒன்று 2002 முதல் இயங்குகிறது. அல்சைமர் ஐரோப்பா அமைப்பின் கீழ் அதுபோன்ற ஐரோப்பியக் குழு 2012-இல் அமைந்தது. அருகில் துணைக்கு ஒருவர் உட்காரட்டும், கூட்டம் குறுகியதாக இருக்கட்டும், முந்தைய கூட்டத்தில் பேசியதை ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் கொடுங்கள். அதற்குப் பிறகும் ஒருவரால் இயலாது என்று தெரிந்தால் அப்போது பதிலியை நாடலாம்.

முதியவர்களை நேரடியாக நம்பியதால் என்ன நடந்தது என்பதற்கு, உங்கள் பொருளுக்கே நெருக்கமான சான்று உண்டு. கனடாவின் கியூபெக்கில் நடந்து 2014-இல் வெளியான எம்பவர் ஆய்வில், தூக்கத்துக்காகவும் பதற்றத்துக்காகவும் தரப்படும் பென்சோடயசிபைன் வகை மாத்திரைகளை நீண்டகாலமாக உட்கொண்ட 303 முதியவர்கள் சேர்ந்தார்கள். மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்குப் பதிலாக, முதியவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதப்பட்டு, முதியவர்களிடமே முன்பு சோதித்துப் பார்க்கப்பட்ட ஒரு கையேட்டை நேராக அவர்கள் கையில் கொடுத்தார்கள். அதில் மாத்திரையின் அபாயங்களும், தம் புரிதலைத் தாமே சோதித்துக்கொள்ளும் கேள்விகளும், படிப்படியாகக் குறைக்கும் படவடிவ அட்டவணையும் இருந்தன. ஆறு மாதத்தில் கையேடு பெற்றவர்களில் 27 சதவீதம் பேர் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். கையேடு பெறாத ஒப்பீட்டுக் குழுவில் 5 சதவீதம். அதே குழுவினர் 2018-இல் வெளியிட்ட டி-பிரிஸ்கிரைப் ஆய்வில், முதியவருக்குக் கையேடு கொடுத்ததோடு, மருந்தாளுநரின் கருத்துரையை மருத்துவருக்கும் அனுப்பினார்கள். அங்கே முதியவர்களுக்குப் பொருந்தாத மருந்துகளை நிறுத்தியவர்கள் 43 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 12 சதவீதம். ஆய்வு வடிவமைப்பில் பங்கேற்பதற்கு இது நேரடிச் சான்றாகாது என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் "வயதானவர்களுக்கு இதெல்லாம் புரியாது, மருத்துவரிடம் பேசினால் போதும்" என்ற வாதத்துக்கு இது போதுமான பதில்.

இன்னொரு எண் நம்மைச் சற்று எச்சரிக்கையாக்க வேண்டும். அமெரிக்காவில் நாடளாவிய மாதிரியைக் கொண்டு நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், மருத்துவர் முடியும் என்று சொன்னால் ஒரு மருந்தையாவது நிறுத்தத் தயார் என்று 92 சதவீத முதியவர்கள் சொன்னார்கள். தாம் உட்கொள்ளும் மருந்துகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள விரும்புவதாகச் சொன்னவர்களோ மூன்றில் இரண்டு பங்கு. முதல் எண்ணைத் தலைப்பில் போட்டு எழுதப்பட்ட விண்ணப்பங்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். எனக்கு இரண்டாவது எண்தான் நம்பகமாகப் படுகிறது, ஏனென்றால் முதல் கேள்வியில் மருத்துவரின் நிழல் விழுந்திருக்கிறது. "மருத்துவர் சொன்னால்" என்பதற்குள் மரியாதை எவ்வளவு, விருப்பம் எவ்வளவு, மறுத்தால் அடுத்த முறை சரியாகக் கவனிக்கமாட்டார் என்ற அச்சம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டக்கூடியவர் உங்கள் மேசையில் உட்கார்ந்திருக்கும் முதியவர்தான். ஆகவே தரவைப் புரிந்துகொள்ளும் கட்டத்திலும் அவர்களை அழையுங்கள். பேட்டி எழுத்துப்படிகளில் பெயர்களை நீக்கிவிட்டுச் சில பகுதிகளைக் கொடுத்து, "இவர் என்ன சொல்ல வருகிறார்?" என்று கேளுங்கள். பெரும்பாலான ஆய்வுகள் விட்டுவிடும் கட்டம் இது. பங்காளிகளிடமிருந்து அதிகம் கிடைக்கும் கட்டமும் இதுவே.

மற்றக் கட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக் கேள்வியையே கூட்டாகத் தேர்ந்தெடுக்க, பிரிட்டனில் 2004-இல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் நல்ல வழிமுறை ஒன்றை வகுத்திருக்கிறது: நோயாளிகள், பராமரிப்பாளர்கள், மருத்துவப் பணியாளர்கள் ஆகியோர் சமமாக அமர்ந்து, விடை தெரியாத கேள்விகளில் முதல் பத்தைத் தேர்கிறார்கள். உங்கள் கேள்வி ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்பதால் அதை மறைக்காமல், எது மாறக்கூடியது எது மாறாது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒப்புதல் படிவத்தையும் அழைப்புக் கடிதத்தையும் அவர்கள் கையில் கொடுத்தால், வெட்டித் தருவார்கள், வெட்டியதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

யாரை அழைப்பது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. கூட்டத்துக்கு எளிதாக வருபவர், படித்தவர், உடல்நலம் ஓரளவு நன்றாக உள்ளவர், பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிகாரி. அவர் பயனுள்ளவர்தான், ஆனால் பத்து மருந்துகளோடு வீட்டைவிட்டு வெளியே வராமல் இருப்பவருக்கு அவர் பிரதிநிதி ஆகமாட்டார். வீட்டுக்குப் போய்ப் பேசுவதையும் தொலைபேசி உரையாடலையும் கூட்டத்துக்குச் சமமான வழிகளாகத் திட்டத்தில் எழுதுங்கள். உங்களிடமே சிகிச்சை பெறுபவர்களைப் பங்காளிகளாக அழைக்காதீர்கள். உங்களுக்கு மறுப்புச் சொல்வது அவர்களுக்குக் கடினம். குழுவில் ஒற்றை முதியவரை உட்கார வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்: வல்லுநர்கள் நடுவில் தனியாகப் பேச எவருக்கும் துணிவு வராது. நான்கு முதியவர்கள், நான்கு பராமரிப்பாளர்கள் என்று தொடங்கினால், இடையில் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தாலும், ஒருவர் இறந்துபோனாலும் குழு நிலைக்கும். இந்த வயதில் இவை நடக்கக்கூடியவை. நடந்தால் என்ன செய்வது, இறந்தவரின் பராமரிப்பாளர் விரும்பினால் தொடரலாமா என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்துவைப்பதுதான் மரியாதை. முதல் சில கூட்டங்களை முதியவர்களுக்குத் தனியாகவும் பராமரிப்பாளர்களுக்குத் தனியாகவும் நடத்தி, பிறகு சேர்த்து நடத்துங்கள். நேரத்தை மாத்திரை வேளைகளுக்கும் உணவு வேளைகளுக்கும் இடையூறில்லாமல் வையுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். கழிப்பறை அருகில் இருக்கட்டும். காது சரியாகக் கேட்காதவரை முன்னால் அமர்த்துங்கள்.

எச்சரிக்கை ஒன்று, வழிகாட்டி நூல்களில் அரிதாகவே காண்பது. மருந்துகளின் தீமையைப் பற்றி மாதக்கணக்கில் பேசும் ஒரு குழுவில் இருக்கும் முதியவர், வீட்டுக்குப் போய்த் தம் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடக்கூடும். பென்சோடயசிபைனை நீண்டகாலம் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். இங்கே பேசுவது ஆய்வைப் பற்றி, எவருடைய சொந்தச் சிகிச்சை பற்றியும் அல்ல என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லுங்கள். கேள்விகள் எழுந்தால் தனியாகப் பேச, ஆய்வில் சம்பந்தப்படாத ஒரு மருந்தாளுநரை ஏற்பாடு செய்யுங்கள். பராமரிப்பாளர்களுக்கு வேறு வகைப் பாரம் உண்டு: தாம் இத்தனை நாள் கையால் எடுத்துக் கொடுத்த மாத்திரைதான் முதியவர் தடுமாறிக் கீழே விழுவதற்குக் காரணமோ என்ற குற்றவுணர்வு. அதைக் கூட்டத்தில் விவாதப் பொருளாக்காமல், கூட்டத்துக்குப் பிறகு ஒரு தொலைபேசி அழைப்பில் கேளுங்கள்.

பணத்தைப் பற்றித் தயங்காமல் எழுதுங்கள். போக்குவரத்துச் செலவு, கூட்ட நேரத்துக்கான ஊதியம், பராமரிப்பாளர் வரும் நேரத்தில் வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆளுக்கான செலவு ஆகிய மூன்றும் தனித்தனி வரிகளாக இருக்கட்டும். மூன்றாவதை விட்டுவிட்டால், மாற்று ஆள் தேவைப்படாத பராமரிப்பாளர்கள் மட்டுமே வருவார்கள். அதாவது பாரம் குறைந்தவர்கள். ஓய்வூதியமோ அரசு உதவியோ பெறுபவருக்கு இந்த ஊதியம் அதைப் பாதிக்குமா என்று முன்பே விசாரித்து, வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் கொடுங்கள்.

ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவைப் பொறுத்தவரை, மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான பன்னாட்டு நெறிமுறை ஆவணமான ஹெல்சின்கி பிரகடனத்தின் 2024-ஆம் ஆண்டுத் திருத்தம், ஆய்வுக்கு முன்பும் ஆய்வின்போதும் ஆய்வுக்குப் பின்பும் பங்கேற்பாளர்களோடும் அவர்களுடைய சமூகங்களோடும் பொருளுள்ள ஈடுபாடு இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் விண்ணப்பத்தில் அதைச் சுட்டலாம். பலனைப் பற்றி மிகைப்படுத்த வேண்டாம். மருத்துவச் சோதனைகளில் நோயாளிகளின் ஈடுபாட்டைத் தொகுத்துப் பார்த்து 2018-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த பகுப்பாய்வு, ஆய்வில் சேர்பவர்களின் எண்ணிக்கை ஓரளவு கூடுவதைக் காட்டியது. சேர்ந்தவர்கள் இறுதிவரை நீடிப்பதில் தெளிவான வேறுபாடு இல்லை. ஈடுபாட்டை அறிக்கையிட 2017-இல் வெளியான கிரிப்-2 பட்டியலின் குறுகிய வடிவம் ஐந்தே கூறுகள் கொண்டது, முதல் நாளிலிருந்தே அதை நிரப்பத் தொடங்குங்கள். அதோடு ஒரு சாதாரணக் குறிப்பேட்டில், பங்காளிகள் சொன்னது என்ன, அதனால் மாறியது என்ன, மாறாதது ஏன் என்று தேதியிட்டு எழுதிவைத்து, அடுத்த கூட்டத்தில் அவர்களுக்கே படித்துக்காட்டுங்கள். ஓர் ஆண்டுக்குப் பிறகும் நடுவிலுள்ள பகுதி காலியாக இருந்தால், நீங்கள் அவர்களை அழைத்துத் தேநீர் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள் என்று பொருள்.

விண்ணப்பத்தில் இப்போது உள்ள வரிக்குப் பதிலாக நான் எழுதுவது இப்படி இருக்கும்: "ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் உட்கொள்ளும் நான்கு முதியவர்களும், வெவ்வேறு சூழலைச் சேர்ந்த நான்கு பராமரிப்பாளர்களும் தத்தம் பெயரில் ஆய்வுப் பங்காளிகளாக இருப்பர், முதன்மை அளவீட்டை இறுதி செய்வதற்கு முன்பும், ஒப்புதல் படிவம் அச்சாவதற்கு முன்பும், பகுப்பாய்வின்போதும் அவர்களின் கூட்டங்கள் நடக்கும், அவர்களின் பரிந்துரை ஏற்கப்படாதபோது காரணம் எழுத்தில் தரப்படும்." முதன்மை அளவீடு மாறக்கூடும் என்பதை நிதி அமைப்பிடம் இப்போதே தெரிவித்து, அதை இறுதி செய்ய மூன்று மாத அவகாசம் கேளுங்கள், ஆய்வு தொடங்கிய பிறகு மாற்றக் கேட்பதைவிட இப்போது கேட்பது எளிது.